இரண்டு நிமிடம் நாற்பத்தொரு வினாடி

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இது நடந்தது. சுடுகாட்டுப் பக்கமும் இல்லை, நடுராத்திரியும் இல்லை. போன வைகாசியில் ஒரு புதன்கிழமை, பட்டப்பகலில், பிள்ளைப்பாக்கத்தில் ஒரு மாடி அறையில் நடந்தது.

நேரங்கள் நிமிடக் கணக்கில் வரும். காரணம், இதை அனுபவித்த நயினார் ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். பதினொரு வருடமாக எதைச் செய்தாலும் மணி போட்டு எழுதிவைப்பது அவர் பழக்கம். அந்த நோட்டு இன்றும் அவரிடம் இருக்கிறது.

அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. லைனில் வரும் பாகத்தை ஒரு தடவை அளந்து விட்டுவிட மாட்டார். இரண்டு தடவை அளப்பார். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால்தான் பச்சை டேக். மயிரிழை மாறினாலும் சிவப்பு. மறுபடி அளக்க வேண்டும். "போகட்டும் விடுங்க சார்" என்று சூப்பர்வைசரே சொன்னாலும் பச்சை டேக் கட்ட அவர் கை வராது.

அறைக்கு வந்தால் பாட்டு. பழைய சிடிக்களை வாங்கி, கம்ப்யூட்டரில் ஏற்றி, அங்கிருந்து தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு மியூசிக் பிளேயரில் போட்டுக்கொள்வார். எம்பி3 அவருக்கு ஆகாது. அது, காதுக்குத் தெரியாது என்று தான் நினைப்பதையெல்லாம் வெட்டி எறிந்துவிடும். ஃபிளாக் என்று ஒரு முறை இருக்கிறது. அது எதையும் வெட்டாது. வேட்டியை மடித்துப் பெட்டியில் வைப்பதுபோலப் பாட்டை மடித்து வைக்கும். பிரித்தால் முழு வேட்டி, ஒரு நூல் குறையாமல்.

ஆனால் மடிப்பதற்கு முன்னால் சிடியிலிருந்து சரியாகப் படித்தாக வேண்டும். அதில்தான் சிக்கல். கீறலோ தூசியோ இருந்தால், சாதாரண டிரைவ் விட்டுப்போன இடத்தைத் தானே குத்துமதிப்பாக நிரப்பிவிடும். அதனால் நயினார் வைத்திருந்த புரோகிராம் ஒவ்வொரு பாட்டையும் இரண்டு தடவை படிக்கும். படித்து முடித்ததும் அந்தப் பாட்டுக்கென்று ஒரு எண் போடும், கைரேகை மாதிரி. ஒரு துளி மாறினாலும் எண் மாறிவிடும். அடுத்தடுத்த இரண்டு எண்ணும் ஒன்றாக வராதவரை அது பாட்டைப் பிளேயருக்கு அனுப்பாது. அப்படித்தான் அவர் அதைச் செட் செய்திருந்தார். கம்பெனி வழக்கம்.

அன்று காலை 7:15. நைட் ஷிஃப்ட் முடிந்து நயினார் அறைக்குள் நுழைந்தபோது, கூட இருக்கும் இசக்கி ஜெனரல் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அதே கம்பெனி, பிரஸ் ஷாப். திருச்செந்தூர்ப் பக்கத்துப் பையன். வெள்ளிக்கிழமை ஊரில் அவனுக்குக் கல்யாணம். புதன் சாயங்காலம் வேலை முடிந்ததும் கிளாம்பாக்கத்தில் பஸ் பிடிக்க வேண்டும்.

கைக்குட்டையில் சுற்றிய ஒரு சிடியை நீட்டினான்.

"அண்ணாச்சி, இதான். ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

நயினார் அதை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தார். வெள்ளிப் பூச்சில் ஊசி குத்தியது மாதிரி ஓட்டைகள். ஒளி இந்தப் பக்கம் வந்தது.

"ஏலே, இது செத்துக்கிட்டுல்லா இருக்கு. எங்க வச்சிருந்த?"

"அம்மா அரிசிப் பானைக்குள்ள வச்சிருந்தா. ஈரம் படக்கூடாதுன்னு."

"நல்ல இடம் பாத்தா போ."

இசக்கி சிரிக்கவில்லை. அந்த சிடியில் இருப்பது அவன் தங்கை மாரிசெல்வியின் குரல். 2012-இல், பதினேழு வயதில், ஊரில் இருந்த ஒரு வீடியோக் கடையின் சின்ன ஸ்டுடியோவில் நாலு பாட்டுப் பாடிப் பதிவு செய்தாள். இரண்டு வருடத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். மூன்றாவது பாட்டு, அண்ணன் கல்யாணத்துக்கென்று அவளே கட்டியது. வரப்போகும் மதினியைக் கேலி செய்யும் நலங்குப் பாட்டு.

"மொத முடிச்சு நான் போடுவேன். அடுத்த ரெண்டும் நாத்தனார் போடணும். அவதான் இல்லியே... பெரியம்மா மவ சண்முகவடிவு போடுதா. அந்த நேரத்துல செல்வி பாட்டு மண்டபத்துல ஓடணும்னு அம்மா ஒரே பிடியா நிக்கா. பத்து வருசமா அவ கொரலைக் கேக்கல அண்ணாச்சி. வீட்ல பிளேயரும் போச்சு."

"வரும்னு சொல்ல மாட்டேன். பாக்கேன்."

"ஏதோ ஒண்ணு வந்தாப் போதும்."

"ஏதோ ஒண்ணுல்லாம் நமக்கு ஆகாது. ரெண்டு தடவை ஒண்ணா வரட்டும்."

இசக்கி போனதும் நயினார் தூங்கிவிட்டார். 1:40-க்கு எழுந்து, குளித்து, சாப்பிட்டு, சிடியை நடுவிலிருந்து விளிம்பை நோக்கி மெல்லத் துடைத்தார். வட்டமாகத் துடைத்தால் கீறல் பாதையோடு போய்விடும். ஜன்னலை மூடினார். ஃபேன் இரண்டில் ஓடியது. அந்த ஃபேனுக்கு ஒரு நோய். வினாடிக்கு இரண்டு தடவை... டக்... டக்... என்று தட்டும்.

2:12. டிரைவ் சுழல ஆரம்பித்தது.

ஒன்று, இரண்டு, நான்கு... இந்த மூன்று பாட்டும் பச்சை. கல்யாணப் பாட்டில் மட்டும் சிவப்பு. இரண்டு நிமிடம் நாற்பத்தொரு வினாடி முதல் நாற்பத்து நான்கு வரை. மூன்றே வினாடி.

ஹெட்ஃபோனை மாட்டி முதல் வாசிப்பைக் கேட்டார்.

*எட்டு முழச் சேலை கட்டி எட்டி வைக்கும் மதினி*
*எங்கண்ணன் ஒரு பார்வை பாத்தா இடறி விழும் மதினி*
*ஊரறிய மாலை போட்ட ஒய்யார மதினி – உன்*
*பேரச் சொல்லிக் கூப்பிடவா...*

அந்த இடத்தில்தான் மதினியின் பேர் வர வேண்டும். 2012-இல் மதினி யார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? களுக்கென்று சிரித்துவிட்டு, பேர் வரவேண்டிய இடத்தை "ம்... ம்ம்..." என்று ராகமாக முனகி நிரப்பியிருந்தாள். நயினாருக்கும் சிரிப்பு வந்தது. நல்ல குரல்.

2:31. இரண்டாவது வாசிப்பைக் கேட்டார்.

சிரிப்பு இல்லை.

முனகல் மட்டும் இருந்தது.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். சிடி படிப்பதில் தவறு நேர்ந்தால் 'டிக்' என்று சொடுக்கும், 'கீச்' என்று கத்தும், சில சமயம் சத்தமே அறுந்து போகும். பாடினவள் வேறு மாதிரி பாடியதாக ஒருபோதும் மாறாது. மாறவே முடியாது.

எங்கேதான் வேறுபடுகிறது என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரே பாட்டின் இரண்டு வாசிப்பை எடுத்து, ஒன்றின் அலையைத் தலைகீழாகத் திருப்பி, மற்றதன் மேல் வைத்துக் கூட்ட வேண்டும். மேடு வந்து பள்ளத்தில் விழும். எல்லாம் பூஜ்யம். திரையில் நேர்கோடு, காதில் நிசப்தம். எது இரண்டிலும் ஒன்றாக இல்லையோ அது மட்டும் மிஞ்சும்.

நயினார் கூட்டினார். நேர்கோடு. ஒரு நிமிடம்... இரண்டு நிமிடம்... சுத்தமான நிசப்தம். பாட்டின் 2:41-இல் கோடு துடித்தது. முதல் வாசிப்பின் சிரிப்பு மட்டும் தனியாக வந்தது. சத்தத்தைக் கூட்டினார். அதற்கு அடியில் வேறொன்று இருந்தது.

டக்... டக்... டக்... டக்...

வினாடிக்கு இரண்டு.

நயினார் நிமிர்ந்து ஃபேனைப் பார்த்தார்.

முதலில் அவருக்குப் பயம் வரவில்லை. வேலைதான் நினைவுக்கு வந்தது. ஒரு பாகத்தில் குறை என்றால் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினார். வியர்வை வழிந்தது. 3:04-க்கு மூன்றாவது வாசிப்பு.

முனகல் இருந்தது. டக் டக் இல்லை.

சிடி டிரைவில் மைக் கிடையாது. எழுதி மூடிய சிடியில் மறுபடி எதையும் எழுத முடியாது. ஃபேனை நிறுத்தினால் பன்னிரண்டு வருடத்துக்கு முன் பதிவான பாட்டில் சத்தம் நிற்கிறது. நோட்டில் இதை எழுதியபோது கையெழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கிறது.

3:36. நான்காவது. கையில் ஒரு ஸ்பூனை எடுத்துக்கொண்டார். திரையில் ஓடும் எண்ணையே பார்த்தார். அந்த இடம் நெருங்கியதும் டிரைவ் வேகம் தானாகக் குறைந்தது. விர்ர்ர்... விர்... வி... பாட்டு ஓடும் வேகத்துக்கே வந்துவிட்டது. மூன்று வினாடியைப் படிக்க மூன்று வினாடி.

மேஜையில் தட்டினார். டங். டங். டங்.

வாசிப்பு முடிந்ததும் கேட்டார்.

டங். டங். டங்.

...டங்.

நான்காவது ஒன்று. அவர் தட்டாதது. மற்ற மூன்றையும்விடக் கிட்டத்தில்.

அப்போது கதவு தட்டப்பட்டது. நயினாருக்கு உயிர் போய் வந்தது. கீழே குடியிருக்கும் வீட்டுக்காரர் தாண்டவராயன், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இன்னா நயினாரு, உள்ள யாரு?"

"யாரும் இல்லியே, ஓனர்."

"பொம்பளப் புள்ள பாட்ற சத்தம் கேட்டுச்சு. எம் பொண்டாட்டியும் கேட்டா. பேச்சுலர் ரூமுக்கு ரூல் இன்னான்னு சொல்லிக்கீறேனா இல்லியா?"

"பாட்டு இந்த ஹெட்ஃபோன்லதான் ஓடுச்சு. வெளிய கேக்காது."

"அப்ப நாங்க ரெண்டு பேரும் செவுடா?"

உள்ளே வந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். பாத்ரூமைத் திறந்து பார்த்தார். கதவுக்குப் பின்னால் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"எப்பக் கேட்டீங்க ஓனர்?"

"இப்பத்தான். ஒரு அஞ்சு நிமிசம் முன்ன." படியிறங்கும்போது திரும்பினார். "நல்லாத்தான் பாடுது. யாருது?"

நயினார் கதவைச் சாத்தினார். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் அவர் ஹெட்ஃபோனை மாட்டவே இல்லை. டிரைவ் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

3:58. இசக்கியிடமிருந்து போன்.

"ஏறிட்டா அண்ணாச்சி?"

"ஒரு எடத்துல... மூணு செகண்ட் சரியா வரல."

"மூணு செகண்டு தானே? மொதத் தடவை வந்ததையே போட்டு வைங்க. அம்மாவுக்குக் கொரல் கேட்டாப் போதும்."

அப்படியே செய்திருக்கலாம். முதல் வாசிப்பு கைவசம் இருந்தது. சிரிப்பும் முனகலுமாக அழகாக இருந்தது. செட்டிங்கில் ஒரு சின்ன டிக் குறியை எடுத்துவிட்டு அதை அனுப்பியிருக்கலாம். ஆனால் சிவப்பில் இருப்பதற்குப் பச்சை டேக் கட்ட... கை வரவில்லை.

இன்னும் ஒரே ஒரு தடவை.

டிரைவைத் திறந்தார். தட்டில் வெள்ளித் துகள்கள், மீன் செதில் மாதிரி. சிடியில் ஓட்டை பெரிதாகியிருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அது உதிர்கிறது. ஊதித் துடைத்து மறுபடி வைத்தார்.

4:21. ஐந்தாவது.

ஹெட்ஃபோன். *பேரச் சொல்லிக் கூப்பிடவா...*

முனகல் இல்லை. பாட்டும் இல்லை. இடது காதில் மட்டும், காது மடலில் உதடு படுகிற கிட்டத்தில்...

"அண்ணாச்சி... மதினி பேரு என்ன?"

நயினார் ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்தார்.

செருப்புக்கூடப் போடாமல் வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தார். நல்ல வெயில். கீழே தெருவில் கம்பெனி பஸ் ஒன்று திரும்பியது. எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி காயப்போட்டுக் கொண்டிருந்தார்கள். எல்லாம் எப்போதும்போல இருந்தது.

4:50. முடிவு செய்தார். முதல் வாசிப்பு போதும். 'இரண்டும் ஒன்றாக வர வேண்டும்' என்ற செட்டிங்கை எடுத்துவிட்டு, பிளேயரில் ஏற்றி, சிடியை வெளியே எடுத்துவிட வேண்டியது. பதினொரு வருடத்தில் முதல் தடவையாக.

4:52. உள்ளே போனார்.

விர்ர்ர்ர்ர்...

டிரைவ் சுழன்றுகொண்டிருந்தது.

அவர் எதையும் அமுக்கவில்லை.

திரையில்: வாசிப்பு 6.

ஒயரைப் பிடுங்கக் கை நீட்டினார். நிறுத்திக்கொண்டார். சுழலும்போது பிடுங்கினால் சிடி உள்ளேயே உரசும். மிச்சப் பூச்சும் போகும். இருப்பது ஒன்றே ஒன்று.

2:20... 2:26...

ஃபேன் நின்றுதான் இருந்தது. ஜன்னல் மூடித்தான் இருந்தது.

2:33...

வேகம் குறைந்தது. விர்... வி...

2:37...

இடது கன்னத்தில் மூச்சுக்காற்று.

திரும்பிப் பார்க்கவில்லை.

2:39...

மேஜை மேல் கல்யாணப் பத்திரிகை. மஞ்சள் தடவின ஓரம். பேர் இருந்தது.

2:40...

யாரோ காத்திருந்தார்கள்.

2:41.

"தங்கமாரி," என்றார் நயினார்.

மூன்று வினாடி.

பிறகு டிரைவ் வேகமெடுத்தது. மீதிப் பாட்டை ஒரே மூச்சில் படித்து முடித்தது. நிற்கவில்லை. தானாகவே ஏழாவது வாசிப்பு. 5:04-க்கு முடிந்தது.

பச்சை.

ஆறும் ஏழும் ஒன்று. ஒரு துளி மாறவில்லை. பாட்டு பிளேயருக்குப் போய்விட்டது.

கேட்காமல் இருக்க அவரால் முடியவில்லை. ஒரு பாகத்துக்குப் பச்சை டேக் கட்டினால் கையால் ஒரு தடவை தடவிப் பார்ப்பதில்லையா? ஹெட்ஃபோனை மாட்டினார்.

*பேரச் சொல்லிக் கூப்பிடவா... தங்கமாரி மதினி...*

ராகம் பிசகவில்லை. நயினார் சொன்னது அதில் இல்லை. அறையின் சத்தம் எதுவும் இல்லை. ஸ்டுடியோவில் நின்று, முதலிலிருந்தே அப்படித்தான் பாடினவள்போல இருந்தது.

சிடியை எடுத்தார். வெள்ளிப் பூச்சு முழுக்க உதிர்ந்து தட்டில் கிடந்தது. கையில் இருந்தது வெறும் கண்ணாடி வட்டம்.

6:10-க்கு இசக்கி ஓடிவந்தான். பையைத் தூக்கினான்.

"கேட்டீங்களா? நல்லாருக்கா?"

"நல்லாருக்கு. ரெண்டு தடவையும் ஒண்ணா வந்துச்சு."

"நான் இப்பக் கேக்க மாட்டேன். மொதல்ல அம்மா கேக்கட்டும்." பிளேயரைச் சட்டைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டான். "நீங்களும் வந்திருக்கலாம் அண்ணாச்சி."

"ஒரு ரூம்ல ரெண்டு பேருக்கு லீவு எவன் தருவான்? போ, பஸ்ஸை விட்டுராத."

வெள்ளிக்கிழமை காலை 9:25-க்குப் போன் வந்தது. பின்னால் நாதஸ்வரம். இசக்கிதான்.

"அண்ணாச்சி... மண்டபமே அழுதுட்டு. அம்மா அப்படியே உக்காந்துட்டா. பேரை எப்படிச் சேத்தீங்க? சித்தப்பா சொல்லுதாரு, இது ஏஐயாம். இப்பல்லாம் செத்தவங்க கொரல்ல என்ன வேணா பேச வைக்கலாமாம். அதானா?"

நயினார் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"முடிச்சு நல்லபடியா விழுந்துச்சுல்லா?"

"விழுந்துச்சு."

"அப்பச் சரி."

அதோடு அதை மறந்துவிட அவர் முயன்றார். நோட்டை டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்தார். சிடி எதையும் தொடவில்லை.

ஆடிப் பதினெட்டு வந்தது. புதுப்பெண்ணுக்குத் தாலி பிரித்துக் கோர்க்கும் நாள். பழைய மஞ்சள் கயிற்றை அவிழ்த்துப் புதுக் கயிறு மாற்ற வேண்டும். இசக்கி லீவு போட்டு ஊருக்குப் போனான். இரண்டாம் நாள் திரும்பியவன், பையைக்கூட இறக்காமல் கட்டிலில் உட்கார்ந்தான்.

"கயிறு மாத்தலை அண்ணாச்சி."

"ஏன்?"

"மொத முடிச்சு அவுந்துட்டு. நான் போட்டது. மத்த ரெண்டும் அவுரல. அம்மா நகத்தால நெம்பினா, ஊசி வச்சு நெம்பினா. அசையல. அறுக்கவும் கூடாது. 'ஏட்டி, என்ன முடிச்சுட்டீ போட்ட?'ன்னு சண்முகவடிவைக் கூப்பிட்டுக் கேட்டா. அவ ஓன்னு அழுதுட்டா."

"எதுக்கு?"

"'நான் போடவே இல்ல சித்தி'ங்கா. பாட்டு ஓடுச்சுல்லா, அந்த நேரம் குனிஞ்சு கையைக் கொண்டுபோனாளாம். ரெண்டு முடிச்சும் விழுந்து கெடந்துச்சாம். எல்லாரும் பாட்டுல அழுதுக்கிட்டு இருந்தோம், யாரும் பாக்கல. பயந்துபோயி, போட்ட மாதிரி கையை வச்சிட்டு எந்திரிச்சிருக்கா. இத்தனை நாளா வெளிய சொல்லல."

நயினார் அவன் தோளிலிருந்த பையை வாங்கிக் கீழே வைத்தார். இசக்கி மேலே சொன்னான்.

"அம்மா கயித்தை வெளிச்சத்துல பிடிச்சு ரொம்ப நேரம் பாத்தா. பொறவு கண்ணுல ஒத்திக்கிட்டு, 'இப்படியே கெடக்கட்டும், யாரும் தொடாதீய'ன்னுட்டா. ஏன்னு கேட்டேன். 'முடிச்சைப் பாருலே, மாறிச் சுத்தியிருக்கு. இடக்கையால போட்டது'ன்னா."

அவன் தன் இரண்டு கைகளையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

"எங்க வீட்ல இடக்கைக்காரி அவ ஒருத்திதான், அண்ணாச்சி."